சமதளக் கடலோரத்தில் ஆள் அரவமில்லாத சைக்கிள் சாலை: முதலில் பாலம், அப்புறம் காற்று, கடைசியில்தான் சாலை

கேள்வி: "மேடு ஏறத் தெம்பில்லை. கடலோரச் சமவெளியில் வண்டித் தொல்லை இல்லாத தார்ச்சாலையில் நாள் முழுக்க மிதிக்க வேண்டும் என்று ஆசை. மேப்பில் கடலை ஒட்டிப் போகிற கோட்டை அப்படியே பிடித்துக்கொண்டு போனால் போதும்தானே?" (பதிலைத் தேதி போட்டுத் தொடர்ந்து எழுதுகிறேன், நடுவில் மற்றவர்கள் கேட்டதற்கும் சேர்த்து.)

மார்ச் 2

போதாது. கூட்டமே அந்தக் கோட்டில்தான். கடற்கரைக்குப் போகிறவர்கள், விடுதிகளுக்குப் போகிறவர்கள், மீன் ஏற்றுகிற வண்டிகள், விடுமுறை நாளில் காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அந்த ஒரே சாலைதான். அமைதியான சாலை அநேகமாக இரண்டு மூன்று கிலோமீட்டர் உள்ளே தள்ளி, வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவே ஓடும். அதற்குப் பெயர்ப்பலகைகூட இருக்காது.

சமவெளியில் வழியை மறிப்பது மேடு இல்லை, தண்ணீர். ஆறு கடலில் சேருகிற இடம், உப்பங்கழி, பெரிய வடிகால் என்று ஏதாவது ஒன்று குறுக்கே வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றையும் தாண்டப் பாலம் வேண்டும். பாலம் செலவு பிடிக்கிற சமாச்சாரம், அதனால் குறைவாகத்தான் இருக்கும், இருக்கிற பாலத்துக்குச் சுற்றுவட்டாரத்து லாரி எல்லாம் வந்து சேரும். மேப்பில் நீங்கள் பார்க்கிற அழகான சின்னச் சின்னச் சாலைகளில் பாதி, தண்ணீர்க்கரை வரை போய் அங்கேயே முடிந்துவிடும். அதனால் நான் முதலில் சாலையையே பார்ப்பதில்லை. பாலம், மதகு, தோணித்துறை மூன்றையும் புள்ளி வைத்துக்கொண்டு, அப்புறம் ஒவ்வொரு புள்ளிக்கும் நடுவில் எந்தச் சாலை என்று தேடுகிறேன். முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்தால் நெடுஞ்சாலையில் பத்து கிலோமீட்டர் திட்டு வாங்கிக்கொண்டு மிதிக்கிற நிலை வராது.

மார்ச் 2, இரவு

எந்தப் பாலம் நல்ல பாலம் என்று சொல்லாமல் விட்டேன். கார்க்காரனுக்குப் பிடிக்காத பாலம் எதுவோ அது. எடை வரம்பு போட்ட பழைய பாலம், ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், ஆள் நடக்க மட்டும் விட்டிருக்கிற மதகின் மேல்தளம், கார் ஏற்றாத தோணி. இப்படி ஒன்று நடுவில் இருந்தாலே போதும், அதற்கு இருபுறமும் ஐந்தாறு கிலோமீட்டருக்கு சாலை காலியாக இருக்கும், ஏனென்றால் அந்த வழியாக எங்கேயும் குறுக்கே போக முடியாது, அங்கே வீடோ வயலோ உள்ளவன் மட்டும்தான் வருவான்.

ஆனால் சாட்டிலைட் படத்தில் பெரிதாக்கிப் பார்த்துவிட வேண்டும். ஒரு மதகின் மேல்தளத்தில் கடந்துவிடலாம் என்று போனேன். கம்பிக் கதவு, பூட்டு, பூட்டில் துரு. கதவுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற இடைவெளி, ஹாண்டில்பார் நுழையவில்லை. முன்சக்கரத்தைக் கழற்றி, ஹாண்டிலைத் திருப்பி, சைக்கிளைச் சாய்த்து, பெடல் கம்பியில் மாட்டி, கீழே தண்ணீர் சுழித்துக்கொண்டு போக, அந்தப் பக்கம் தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து வந்து சக்கரத்தை வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. இது அவருக்குப் பழக்கம் போலிருக்கிறது.

மார்ச் 3

"சமதளம்தானே, புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு இதைவிட லேசு எது?" என்று ஒருவர். மூச்சுக்கு லேசு. பின்பக்கத்துக்கு லேசு இல்லை. மேடு இருக்கிற ஊரில் ஏறும்போது எழுந்து நின்று மிதிப்போம், இறங்கும்போது மிதிக்கவே மாட்டோம், உடம்பு தானாகவே இடம் மாற்றிக்கொள்ளும். சமதளத்தில் மிதியை விட்டால் சைக்கிள் நின்றுவிடும். மூன்று மணி நேரம் ஒரே இருப்பு, கையில் ஒரே பிடி, ஒரே கியர். சுண்டுவிரல் மரத்துப்போகும். கால் மணிக்கொரு தரம் காரணமே இல்லாமல் எழுந்து நின்று பத்து மிதி மிதியுங்கள். கேட்க அசட்டுத்தனமாக இருக்கும், சாயங்காலம் நாற்காலியில் உட்காரும்போது புரியும்.

சின்னக் கியர் தேவையில்லை என்று நினைத்து அதைக் கழற்றிவிடவும் வேண்டாம். காற்றுக்கு வேண்டும்.

மார்ச் 5

காற்று. இதைப் பேசாமல் கடலோரத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

காற்றின் தடை, நம்மீது மோதுகிற காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். காற்றில்லாத நாளில் மணிக்கு 20 கி.மீ. போகிறீர்கள் என்றால் முகத்தில் மோதுவது 20. எதிரே 20 கி.மீ. காற்று அடித்தால், அதே வேகத்தில் போக, மோதுவது 40, தடை நான்கு மடங்கு. மனிதக் கால் அதற்கு ஒத்துவராது, வேகம்தான் குறையும். டயர் உராய்வை ஒதுக்கிவிட்டு ஒரு கணக்கு: காற்றில்லாமல் 25 போகிற ஆள், அதே சக்தியில் 20 கி.மீ. எதிர்காற்றில் 14 போவார். பின்காற்றில் 40-ஐத் தொடுவார்.

போகும்போது இழந்ததை வரும்போது பிடித்துவிடலாம் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். 30 கி.மீ. போய் 30 கி.மீ. வரக் காற்றில்லாத நாளில் 2 மணி 24 நிமிடம். மேலே சொன்ன காற்றில் எதிரே போக மட்டும் 2 மணிக்கு மேல், திரும்ப முக்கால் மணி. கூட்டினால் அரை மணி நேரம் நஷ்டம். கஷ்டத்தில் அதிக நேரம் இருக்கிறோம், சுகத்தில் கொஞ்ச நேரம்தான் இருக்கிறோம். அவ்வளவுதான் விஷயம்.

இன்னொன்று. வானிலை அறிக்கையில் வருகிற காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. வேலி, மரம், வீடு இருக்கிற இடத்தில் நம் உயரத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். வெட்டவெளியில், அதுவும் கடலைத் தடுக்கக் கட்டிய மண்கரையின் உச்சியில் ஏறிவிட்டால், அறிக்கையில் போட்டது பெரும்பாலும் அப்படியே வந்து சேரும். ஒரே நாள், ஒரே காற்று, கரையின் அடியில் ஒரு பயணம், உச்சியில் வேறு பயணம்.

மார்ச் 6

"வட்டமாகச் சுற்றி வந்தால் காற்று சரிக்குச் சரியாகிவிடும்." ஆகாது. மேலே சொன்னதே போதும், ஆனாலும் பக்கக்காற்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். சரியாகத் தொண்ணூறு பாகையில், துளிகூட எதிரே இல்லாமல், பக்கவாட்டில் 20 கி.மீ. காற்று அடித்தால்கூட 25-இல் போகிறவருக்கு முன்னோக்கிய தடை நான்கில் ஒரு பங்குக்கு மேல் கூடும். ஆக எல்லாத் திசையையும் எடுத்தால் பாதிக்கு மேல் நமக்கு எதிரி. சைக்கிள்காரனுக்கு எப்போதும் எதிர்காற்றுதான் என்று புலம்புவது வெறும் புலம்பல் இல்லை.

மார்ச் 6, பிறகு

புலம்பாமல் இதை விளையாட்டாக்கியவர்கள் நெதர்லாந்துக்காரர்கள். எதிர்காற்றில் சைக்கிள் ஓட்டும் தேசியப் போட்டி ஒன்று 2013 முதல் வைக்கிறார்கள். ஓஸ்டர்ஷெல்டே புயல் தடுப்பணையின் மேல் 8.5 கி.மீ. கியர் இல்லாத, நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற சாதாரணச் சைக்கிள், எல்லாருக்கும் ஒரே மாதிரி. தேதி முன்கூட்டிக் கிடையாது, நல்ல புயல் வருகிறது என்று தெரிந்தால்தான் அறிவிப்பு. ஆசை உள்ளவர்கள் போகலாம், நான் பார்வையாளர் பக்கம்.

மார்ச் 9

சாலையின் வடிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நேர்ச்சாலையா வளைச்சாலையா என்றால், தட்டையான நிலத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டு வளைச்சாலைக்குக் கை தூக்குவேன். மலையில் சாலை வளைவதற்கு மலை காரணம். தட்டை நிலத்தில் வளைந்தால், அங்கே பழைய தண்ணீர் ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். பழைய கரையின் மேலோ, தூர்ந்துபோன ஓடையை ஒட்டியோ சாலை போகும். நெதர்லாந்தில் கரை உடைந்த இடத்தில் வெள்ளம் குடைந்த குளம் இருக்கும், அதை மூட முடியாமல் கரையையே சுற்றி வளைத்துக் கட்டியிருப்பார்கள், சாலையும் சுற்றிக்கொண்டு போகும். இப்படிப்பட்ட சாலைக்குப் பக்கத்திலேயே பிற்பாடு ஒரு நேர்ச்சாலை போட்டிருந்தால் நமக்கு யோகம், வண்டியெல்லாம் அதற்குப் போய்விடும்.

மாறாக ஏரியை இறைத்து எடுத்த நிலத்தில் எல்லாம் கோடு போட்டதுதான். நெதர்லாந்தின் பேம்ஸ்டர் 1612-இல் இறைத்து முடித்த நிலம், சதுரம் சதுரமாகப் பிரித்தது, 1999-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. மேலிருந்து பார்க்க அழகு. சைக்கிளில் போகும்போது நாலு கிலோமீட்டருக்கு முன்னால் இருக்கிற மரம் நாலு கிலோமீட்டரும் முன்னாலேயே இருக்கும். நேர்ச்சாலையில் கார்களும் பறக்கும். வண்டி எண்ணிக்கை குறைவு என்பதும் அமைதி என்பதும் ஒன்றில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு கார், ஆனால் நூறு கி.மீ. வேகத்தில் முழங்கையை உரசிக்கொண்டு போனால் அது அமைதியா?

மார்ச் 9, மறுபடி

இங்கிலாந்தின் ஃபென் என்ற பழைய சதுப்புப் பகுதியை ஒருவர் ஞாபகப்படுத்தியிருக்கிறார். தட்டைதான், ஆனால் சாலை தட்டையில்லை. அடியில் இருப்பது மக்கிய செடிகொடி சேர்ந்த கரி மண். தண்ணீரை வடித்துவிட்டால் அது காய்ந்து சுருங்கும், காற்றுப் பட்டு மக்கும், நிலம் இறங்கிக்கொண்டே போகும், இறங்குவதும் ஒரே சீராக இருக்காது. ஹோம் ஃபென் என்ற இடத்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஓர் இரும்புத் தூணை மேல்முனை மண் மட்டத்தில் இருக்கும்படி புதைத்தார்கள். இன்று அது சுமார் 4 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. அப்படிப்பட்ட மண்மேல் போட்ட தார் என்ன பாடுபடும்? நீளவாக்கில் பிளவு, ஒரு பக்கம் சாய்வு, பக்கத்திலேயே வடிகால். 25 மி.மீ. அகல டயர் அந்தப் பிளவில் சரியாக உட்காரும். 32-க்குக் குறைந்து போக மாட்டேன், வேகம் போனால் போகட்டும்.

மார்ச் 12

"எதிர்காற்றில் கிளம்பு, பின்காற்றில் திரும்பு" என்ற பழைய அறிவுரையை யாரோ போட்டு, நிறையப் பேர் ஆமாம் போட்டிருக்கிறீர்கள். உள்நாட்டில் சரி. கடலோரத்தில் அப்படியே செல்லாது, காலைக் காற்றும் மாலைக் காற்றும் வேறு வேறு. வெயில் ஏற ஏற நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும், நிலத்தின் மேல் காற்று எழும்பும், அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வரும். முற்பகலில் தொடங்கிப் பிற்பகலில் வலுக்கும். இரவில் தலைகீழாக நிலத்திலிருந்து கடலுக்கு, ஆனால் அது பலவீனமானது. பெரிய காற்று வீசுகிற நாளில் இந்த ஒழுங்கு எதுவும் தெரியாது, தெளிவான வெயில் நாளில் கடிகாரத்தைக்கூடத் திருத்திக்கொள்ளலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, கடற்காற்று கடற்கரைக்குக் குறுக்காக வரும். நாம் கரைக்கு இணையாகப் போகிறோம். ஆகவே போகும்போதும் வரும்போதும் பக்கக்காற்று! வடக்கு அரைக்கோளத்தில் பொழுது ஏற ஏற அது வலப்பக்கமாகத் திரும்பவும் செய்யும். எனக்கு ஒத்துவந்த வழி: விடிந்ததும் காற்று எழும்புமுன் கரையோர நீளத்தை முடித்துவிடுவது, மதியத்துக்கு மேல் கடலுக்கு முதுகைக் காட்டி உள்நாட்டுப் பக்கம் திரும்புவது. அதைவிடச் சிறந்தது, ரயில் இருந்தால், ஒருவழிப் பயணம். எந்த முனையில் தொடங்குவது என்பதை முந்தின இரவு காற்று அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். திரும்பி வருவதில் பெருமை ஒன்றுமில்லை.

மார்ச் 13

பக்கக்காற்றில் பயம் எது என்றால், காற்று இல்லை, காற்று நிற்பதுதான். காற்றுக்கு எதிராகச் சைக்கிளைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் போய்க்கொண்டிருப்போம், காற்று வருகிற பக்கத்தில் ஒரு லாரி தாண்டும், ஒரு நொடி காற்று அறுந்துபோகும், நாம் லாரியை நோக்கி விழுவோம், லாரி போனதும் ஓர் அறை அறைந்து இந்தப் பக்கம் தள்ளும். சத்தம் கேட்டதுமே ஹாண்டிலின் கீழ்ப்பிடிக்கு வந்து, முழங்கையைத் தளர்த்தி, ஓரத்திலிருந்து ஒரு முழம் உள்ளே இருங்கள். ஓரத்தை ஒட்டினால் தள்ள இடமில்லை. உயரமான விளிம்புள்ள சக்கரத்தை வீட்டில் விட்டுவிடுங்கள்.

தொழில்முறை வீரர்களையே விடவில்லை. பெல்ஜியத்தின் 2015 கென்ட்–வெவெல்கெம் சைக்கிள் பந்தயத்தில் காற்று ஆட்களைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டது, முடித்தவர்கள் 39 பேர்தான்.

மார்ச் 17

"கடலோரப் பயணம் போய்விட்டு வந்தேன், கடலையே பார்க்கவில்லை" என்கிற புகார். சிரிப்பு வந்தது, ஆனால் நியாயமான புகார். வடகடல் ஓரத்தில் ஜெர்மனிப் பக்கம் இது ரொம்பச் சகஜம். கரையின் உட்பக்கத்துச் சாலை காற்றுக்கு மறைவு, நல்ல தளம், பார்வைக்குப் புல் சுவர். வெளிப்பக்கத்துப் பாதையில் கடல் உண்டு, காற்று முழுசாக உண்டு, ஆடுகளும் உண்டு. கரையில் ஆடு மேய விடுவது வேண்டுமென்றேதான், புல்லைக் குட்டையாக வைத்திருக்கும், குளம்பால் மண்ணை இறுக்கும். நமக்கு மிஞ்சுவது புழுக்கை. மழை பெய்தபின் டயரிலிருந்து கிளம்பித் தண்ணீர்ப் புட்டியின் வாய்வரை வரும். மூடியுள்ள புட்டி வாங்குங்கள். இடையிடையே ஆடு தாண்டாதபடி கதவுகள், ஒவ்வொன்றிலும் இறங்கித் திறந்து மூட வேண்டும், மூடாமல் போவது மகாபாவம்.

என் பழக்கம்: உட்பக்கமாகவே போவது, மேலே ஏறப் படிக்கட்டோ சரிவோ வருகிற இடத்தில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஏறிக் கடலைப் பார்ப்பது. பத்து நிமிடம் பார்த்தால் போதாதா.

பிரான்ஸின் கமார்க்கில் கடற்கரைமேல் போகிற கரை காருக்குத் தடை, ஒருபுறம் கடல், ஒருபுறம் ஏரிகள். வழி அருமை, ஆனால் தார் கிடையாது, கல்லும் மணலும். தார்ச்சாலை என்று கேட்டவருக்கு அது ஆகாது.

மார்ச் 18

காற்றுத் திசை பார்க்க ஜிபிஎஸ் எதற்கு? காற்றாலை தெரிந்தால் போதும். இறக்கை எப்போதும் காற்று வருகிற பக்கம் பார்த்து நிற்கும். அதை நோக்கிப் போகும்போது அதன் முகம் தெரிந்தால் பின்காற்று, முதுகு தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள். மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து வளர்ந்திருந்தால் அது இன்றைய காற்று இல்லை, வருஷக்கணக்கான காற்று. அதனால் விடுதி முன்பதிவு செய்யுமுன் மேப்பின் தெருப்படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) மரங்களைப் பாருங்கள்.

மார்ச் 22

கடல்நீர் ஏறும்போது (உயர் ஓதம்) முழுகி, வடியும்போது (தாழ் ஓதம்) வெளியே வருகிற தாழ்சாலைகள் பற்றி. நேரம் தெரியாமல் இறங்கக்கூடாது, அவ்வளவுதான். உயர் ஓதத்துக்கும் அடுத்த உயர் ஓதத்துக்கும் பெரும்பாலான கரைகளில் 12 மணி 25 நிமிடம், அதனால் நாளுக்கு 50 நிமிடம்போலத் தள்ளிப்போகும், நேற்று சரியாக இருந்தது இன்றும் சரி என்று எண்ண வேண்டாம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி ஏற்றம் அதிகம்.

பிரான்ஸில் நுவார்மூத்தியே தீவுக்குப் போகிற குவா சாலை நாலு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், தினம் இரண்டு தடவை முழுகும். தாழ் ஓதத்துக்கு ஒன்றரை மணி முன்னும் பின்னும்தான் கடக்கச் சொல்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் பாசி வழுக்கும் என்பதை மட்டும் பலகை போட்டாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. 1999 டூர் டி பிரான்ஸில் அங்கே ஒரு கூட்டமே சறுக்கி விழுந்தது, சுவிட்சர்லாந்து வீரர் அலெக்ஸ் சூல்லே அன்று ஆறு நிமிடத்துக்கு மேல் இழந்தார், கடைசியில் ஒட்டுமொத்தத்தில் இரண்டாம் இடம். திரும்பாதீர்கள், பிரேக் பிடிக்காதீர்கள், நேராக உருட்டுங்கள்.

மார்ச் 23

உப்பு. கடலோரம் முடிந்து வந்த இரவே நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய். பீய்ச்சி அடிக்காதீர்கள், பேரிங்குக்குள் தண்ணீர் போகும். செயின் துருவை எல்லாரும் பார்ப்பார்கள், கண்ணுக்குத் தெரியாதது சீட் கம்பி. இரும்பு பிரேமுக்குள் அலுமினியக் கம்பி, நடுவே உப்புத் தண்ணீர் என்றால் அலுமினியம் அரித்து இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒன்றைக் கழற்ற, வைஸில் சீட் முனையைப் பிடித்துப் பிரேமையே செக்கு மாதிரிச் சுற்ற வேண்டியிருந்தது. வருஷத்துக்கு இரண்டு தரம் கழற்றிக் கிரீஸ் தடவினால் அந்த வேலை இல்லை.

மார்ச் 29

அறுவடைக் காலத்தை யாரும் சொல்லவில்லையே. வருஷம் முழுக்கக் காலியாக இருக்கிற வயல் சாலையில் அந்தச் சில வாரம் டிராக்டரும் டிரெய்லரும்தான் ராஜா. அவர்கள் சாலை அது, நாம் விருந்தாளி, இறங்கி நின்று வழி விடுங்கள். டயர் கொண்டுவந்து போட்ட களிமண்ணில் மழை பட்டால் பனிக்கட்டி தோற்கும். வளைவில் பழுப்பாகத் தெரிந்தால் வேகத்தைக் குறைக்கவும்.

ஏப்ரல் 3

சைக்கிள் பாதைச் சந்திகளுக்கு எண் போட்டு வழி காட்டுகிற முறையைப் பற்றிக் கேட்டவருக்கு: பெல்ஜியத்து லிம்பர்க்கில் 1995-இல் தொடங்கியது, யோசனை ஒரு சுரங்கப் பொறியாளருடையது, சுரங்கத்துக்குள் சந்திகளுக்கு எண் போட்டிருப்பார்கள் இல்லையா, அதேதான். ஒவ்வொரு சந்திக்கும் எண், அடுத்த எண்ணுக்கு அம்பு. 23, 47, 51 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஹாண்டிலில் ஒட்டினால் நாள் முடிந்தது. நான் சொன்ன பாலம் தேடுகிற வேலையை அங்கே வேறு யாரோ செய்து வைத்திருக்கிறார்கள். இது இல்லாத ஊரிலும் சீட்டை நீங்களே தயார் செய்யலாம், பாலங்களுக்கு நீங்களே எண் போட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 5

கேள்வி கேட்டவர் வழி போட்டு அனுப்பியிருக்கிறார். பார்த்தேன். பாலம் ஐந்தும் சரி, மூன்றாவது மட்டும் நெடுஞ்சாலைப் பாலம். அதற்கு வடக்கே மதகு ஒன்று தெரிகிறது, சாட்டிலைட்டில் கதவு இருக்கிற மாதிரி நிழல் விழுகிறது, முன்கூட்டி ஒருவரை விசாரியுங்கள். தோணி வாரநாளில் ஓடுகிறதா என்றும் கேளுங்கள், பல இடத்தில் சீசனுக்கு மட்டும்தான். மொத்தம் 95 கி.மீ. போட்டிருக்கிறீர்கள். பிற்பகல் பகுதி முழுக்கக் கரை உச்சியில் போகிறது, அதைக் காலைக்கு மாற்றி, வழியைத் தலைகீழாக ஓட்டுங்கள். காற்று வேறு மாதிரி இருந்தால் 60-இல் ரயில் நிலையம் வருகிறது, அங்கே ஏறிவிடலாம்.